மறுக்கப்பட்ட நாதம் இசைத்தட்டேறிய வரலாறு

பட்டி கை என்னும் கிதார் வித்வான் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டாம் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' என்ற இசைத்தொகுப்பை, ப்ளூஸ் சங்கீதம் ராக் சங்கீதத்தின் பக்கம் சாய்ந்ததற்கு உதாரணமாகக் காட்டுவோர் உண்டு. அங்ஙனம் கொள்வது காலவரிசையைத் தலைகீழாக்குவதாகும் என்பதே என் துணிபு.

லூயிசியானா மாநிலத்து லெட்ஸ்வொர்த் என்ற சிற்றூரில், வாரத்துக்கு நிலம் உழுது பிழைத்த கறுப்பினக் குடும்பமொன்றில் 1936-இல் பிறந்து, தாமே கம்பி கட்டிச் செய்துகொண்ட வாத்தியத்தில் விரல் பழகிய அவர், 1957 செப்டம்பரில் சிகாகோ நகரம் சேர்ந்தார். கிதார் ஸ்லிம் என்ற கலைஞர் மிக நீண்ட மின்கம்பியைக் கிதாரில் பூட்டிக்கொண்டு, வாசித்தவாறே கூட்டத்தினூடே நடந்துவருவதை இளமையில் கண்டு பிரமித்திருந்தவராதலின், அந்த முறையையே சிகாகோவின் மதுக்கூடங்களிலும் கையாண்டார். ஒலிபெருக்கியை அதன் சக்தியின் எல்லைவரை முடுக்கி, ஸ்வரம் கரகரத்து, விரல் எடுத்த பின்னும் தந்தி தானே ரீங்கரிக்கும்படி வாசிப்பது அவருடைய விசேஷப் பிரயோகமாயிற்று.

இந்த நாதத்தைத்தான் செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒலிப்பதிவுக்கூடத்தினுள் அனுமதிக்கவில்லை. 1960 முதல் 1967 வரை அவரை மிகுதியும் பக்கவாத்தியக்காரராகவே வைத்துக்கொண்ட அக்கம்பெனி, அவர் ஏறத்தாழ ஏழு நிமிஷம் வாசித்த 'ஸ்டோன் கிரேசி'யைச் சிறுதட்டுக்காக வெட்டிச் சுருக்கியது. மேடையில் அவர் எழுப்பிய முழக்கமோ, முதலாளி லியனார்ட் செஸ்ஸின் செவிக்கு வெறும் இரைச்சலாகப் பட்டது. மடி வாட்டர்ஸ் என்ற ப்ளூஸ் பாடகரின் 'ஃபோக் சிங்கர்' தொகுப்பில் மின்சாரமில்லாக் கிதாரை அவர் எத்துணை நிதானத்துடன் வாசித்திருக்கிறார் என்று கேட்டவர்கள், அடக்கம் தெரியாத கையன்று அது என்பதை உணர்வார்கள்.

1965-இல் அவர் லண்டன் சென்று, மார்க்கீ என்ற அரங்கில் மூவர் குழுவாக வாசித்தபோது, கேட்டிருந்தோருள் எரிக் கிளாப்டன் என்ற இளைஞரும் ஒருவர். மறு ஆண்டு கிரீம் என்ற மூவர் குழு தோன்றியதற்கு அந்த இரவே தூண்டுதல் என்பது கிளாப்டனே கூறிய செய்தி. கிரீமும் ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அதே முழக்கத்தால் உலகப் பிரசித்தி அடைந்த பின்னர், லியனார்ட் செஸ் தம்மை அழைத்துப் பிழையை ஒப்புக்கொண்டதாகப் பட்டி கை பன்முறை சொல்லியிருக்கிறார். ஆயினும், 1980-களில் அவரை ஏற்க அமெரிக்கப் பெருங்கம்பெனி எதுவும் முன்வரவில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கிளாப்டன் நடத்திய ப்ளூஸ் கச்சேரிகளில் அவர் பங்குகொண்டதன் பயனாகவே சில்வர்டோன் நிறுவனத்தின் ஒப்பந்தம் கிட்டியது.

எனவே, ஜான் போர்ட்டர் தயாரிப்பில் லண்டனில் பதிவான அந்த 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிளாப்டன், ஜெஃப் பெக், மார்க் நாப்ளர் ஆகியோர் உடன் வாசித்திருப்பது, ராக் கலைஞர்கள் ஒரு முதியவருக்குச் செய்த உபகாரமன்று. பெற்ற கடனைத் திருப்பியதாகும். எடி பாய்டின் பழைய பாடலான 'ஃபைவ் லாங் இயர்ஸ்' இங்கே புது உயிர் பெறுகிறது: முணுமுணுப்பாகத் தணிந்திருக்கும் குரலும் கிதாரும் எதிர்பாராத கணத்தில் ஓலமாக வெடித்து மீண்டும் அடங்கும் அந்த ஏற்றவிறக்கம், முன்பு மதுக்கூடங்களில் மட்டும் கேட்டது. சமகால ப்ளூஸ் தொகுப்புக்குரிய கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது.

தொகுப்பின் இறுதியில் வருவது 'ரிமெம்பரிங் ஸ்டீவி' என்னும் சாகித்யமற்ற வாசிப்பு. பட்டி கையைக் குருஸ்தானத்தில் வைத்துப் போற்றிய ஸ்டீவி ரே வான் என்னும் கிதார் கலைஞர், 1990 ஆகஸ்டில், விஸ்கான்சின் மாநிலத்தில் அவரோடு ஒரே மேடையில் வாசித்து முடித்துப் புறப்பட்ட சிறிது நேரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். அந்த இளையவருக்காக மூத்தவர் பாடவில்லை. தந்தியை மட்டுமே அழவிட்டார்.