மூன்று தலைமுறைக்கு ஒரு தாள்

போன லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது நாங்கள் மூன்று பேர் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்குப் போனோம். சாமி கும்பிட இல்லை, கல்லறை பார்க்க. அங்கே ஒரு கணவனும் மனைவியும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கணவனின் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லாருக்கும் பரீட்சைக் காய்ச்சல் வரும்: சார்ள்ஸ் ஹே கமரன். "கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம், 1833" என்று நாம் பாடமாக்கினோமே, அதே கமரன்தான்.

ஆணைக்குழுவோடு வந்துபோன அந்த மனுசன், பிறகு மலையகத்தில் காணி வாங்கிக் கோப்பித் தோட்டச் சொந்தக்காரராகவும் ஆனார் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1875இல் வயதான காலத்தில் மனைவியோடு இங்கேயே குடிவந்தார். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், உலகம் கொண்டாடும் ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர். ஜூலியா 1879இல் இறந்தார், சார்ள்ஸ் 1880இல்.

கல்லறைக்குப் பக்கத்தில் நின்றபடியே ஃபோனில் அவர்கள் குடும்பத்தைத் தேடினோம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சார்ள்ஸின் அப்பா பஹாமாஸ் தீவுகளின் ஆளுநர். தாத்தா ஆர்ச்சிபால்ட் கமரன் ஒரு வைத்தியர். பிரிட்டிஷ் அரசனுக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1753இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர். தாத்தாவின் அப்பா ஸ்கொட்லாந்தின் லொகீல் என்ற இடத்துக் குலத் தலைவர். ஜூலியாவின் பக்கம் போனால், அவருடைய தங்கச்சியின் பேத்திதான் எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ஃப். ராஜதுரோகி என்று தூக்கில் போட்ட ஆளின் பெயர்கூட அழியாமல் தாளில் இருக்கிறது.

அப்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "சரி, இப்ப நம்ம ஆளுங்கள தேடு பாப்போம்."

ஃபோனைப் பைக்குள் போட்டோம்.

ஒருவருக்குத் தாத்தாவின் அப்பா பெயர் வரைக்கும் தெரிந்தது. இன்னொருவருக்குத் தாத்தாவோடு நின்றது. மூன்றாமவருக்குத் தாத்தாவின் பெயரிலேயே சந்தேகம். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொன்று, தோட்டத்தில் கூப்பிட்டது வேறொன்று. மூன்றுமே ஒரே ஆளா என்று அவருடைய அப்பாவுக்கே நிச்சயமில்லை.

அந்த லீவு முழுக்க நாங்கள் பார்த்தது இந்த வேலையைத்தான். சொந்த லயத்தில் தொடங்கி, டிரங்குப் பெட்டிகளைத் திறந்து, கிழவிகளைத் தொந்தரவு செய்து, பழைய புத்தகங்களைப் புரட்டி. இந்தக் கட்டுரை அதன் கணக்கு.

முதலில் புரிந்துகொண்டது ஒன்று: நம்மவர்களைப் பற்றித் தாள் இல்லாமல் இல்லை. நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் கதையை எழுதவில்லை, கடனை எழுதியிருக்கிறார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். அந்த ஆள் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்பதுதான் துண்டின் சாரம். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். கடல் தாண்டி வருபவர்களுக்கு ஒரு தகர டிக்கட். அதில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் குத்தியிருக்கும். மண்டபம் முகாமில் அந்தத் தகரத்தைப் பார்த்தே எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். அதில் பெயருக்கு வேலையில்லை.

ஜூலியா கமரனும் இங்கே படம் எடுத்திருக்கிறார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இப்போது மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இந்த நாட்டு ஆண்களும் பெண்களும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குப் பெயர் இல்லை.

இதை வெறும் மனவருத்தமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 1948இல் அந்தப் பெயரில்லாத தலைமுறைகளையே அரசாங்கம் திருப்பிக் கேட்டது. அந்த வருசத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நாங்கள் மூலத்தில் வாசித்தோம். இலங்கையிலேயே பிறந்த ஒருவர் பிரஜை ஆக வேண்டுமென்றால், அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இங்கே பிறந்தது மட்டும் போதாது. வம்ச மரத்தை வரைந்து காட்டு என்று கேட்ட சட்டம் இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920இல் தோட்டத்தில் பிறந்த ஒருவரின் அப்பா 1890 வாக்கில் பிறந்திருப்பார். பிறப்பைப் பதிவது நாட்டில் கட்டாயமானதே 1897இல்தான். லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு எந்தத் தாள்? அப்படியே இருந்தாலும், எங்கள் மூவரில் ஒருவரின் வீட்டில் நடந்தது போல, பூட்டி தலைப்பிரசவத்துக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்திருந்தால்? அந்த ஒரு பிரயாணம் ஒரு குடும்பத்தின் குடியுரிமையை விழுங்கிவிட்டது.

1949இல் இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணமானவர்கள் ஏழு வருசம், ஆகாதவர்கள் பத்து வருசம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் மிச்சப் பேரைப் பங்கு போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, 1½ இலட்சம் பேரை அப்புறம் பார்க்கலாம். அந்த 1½ இலட்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முழுதாகத் தீர 2003 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது.

வம்ச மரம் என்றால் வேர் மேலே எவ்வளவு தூரம் போகிறது என்றுதான் பார்ப்பார்கள். நம் மரம் பக்கவாட்டிலும் வெட்டுப்பட்டிருக்கிறது. எங்களில் ஒருவரின் அப்பாயிக்கு ஒரு தங்கச்சி. அக்கா குடும்பத்துக்கு இந்த நாட்டுத் தாள், தங்கச்சி குடும்பத்துக்கு அந்த நாட்டுத் தாள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் கோத்தகிரியில் தேயிலைக் காட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தோட்டங்கள் அவை. கொஞ்ச நாள் கடுதாசி வந்ததாம். "அங்க எங்கள சிலோன்காரன்னுதான் சொல்றாங்க" என்று ஒரு கடுதாசியில் இருந்ததாம். இங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். பிறகு கடுதாசி நின்றுபோனது.

தேடும்போது இரண்டு பயம் எங்களுக்கு வந்தது. மறைக்க விரும்பவில்லை. ஒன்று: இந்தியாவில் எந்த ஊர் என்று நாமே தோண்டினால், "அப்ப அங்கேயே போ" என்பவர்களுக்கு நாமே சாட்சி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா? யோசித்துப் பார்த்தோம். கமரன் குடும்பத்துக்கு லொகீல் தெரியும். அதனால் அவருடைய கல்லறையை யாரும் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை. 200 வருசமாக இந்த மலையில் செத்தவர்கள் நமக்கும் இருக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் சொன்னதும் அதுதான்: வந்த வழியைச் சொல்வது திரும்பிப் போவதற்காக அல்ல.

இரண்டாவது பயம் உள்ளே இருக்கிறது. "எந்த ஊரு" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி "என்ன ஆளுங்க" என்பது. ஒரு தாத்தா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இதெல்லாம் மறக்கத்தானே நாங்க வாய மூடிட்டிருந்தோம். நீங்க ஏன் கிண்டுறீங்க?" எங்களிடம் பதில் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியதை அவரிடமே கொடுத்துவிட்டோம். மறதிகூடச் சிலருக்குச் சொத்து.

கடைசியில் எங்களுக்கு அதிகம் கிடைத்தது சட்டம் கேட்காத பக்கத்திலிருந்துதான். சட்டம் அப்பாவை, அப்பாவின் அப்பாவைக் கேட்டது. அம்மாவைக் கேட்கவேயில்லை. அப்பாயியிடம் "ஒங்க அம்மா பேரு?" என்று கேட்டதும் நிற்காமல் சொன்னார். அம்மாவின் அம்மா பெயர், அவர் எந்த மலையில் கொழுந்து எடுத்தார், எந்தக் கங்காணியின் ஆட்களோடு வந்தார், பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் ஊரிலும் பக்கத்து வீடு என்பது, குலதெய்வம் இருக்கிற ஊரின் பெயர், எல்லாம் வந்தது. வருசம் மட்டும் இல்லை. "கூப்பன் அரிசி காலம்", "பெரிய மண்சரிவுக்கு முந்தி" என்று அவருக்கென்று ஒரு கலண்டர் இருக்கிறது. "இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றோம். "யாரு கேட்டா?" என்றார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது டிரங்குப் பெட்டியைத் திறங்கள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரோடு, நம்ம ஆட்கள் வாயில் வழங்குகிற பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பா பக்கம் எழுதுகிற அளவுக்கு அம்மா பக்கமும் எழுதுங்கள். சொல்ல மறுப்பவர்களை வற்புறுத்தாதீர்கள்.

எங்கள் கொப்பியில் இப்போது அப்பாயியின் அம்மாயி வரைக்கும் வந்திருக்கிறோம். அதற்கு மேலே ஒரு பெயரை அப்பாயி நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எண்பத்து மூன்று வயது. அடுத்த லீவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.