மும்பை ஓபரா ஹவுஸ்: ஒரு தியேட்டரின் சரித்திரம்

மும்பை அங்கத்தினர்களுக்கு 'ஓபரா ஹவுஸ்' என்றால் முதலில் ஒரு வட்டாரம்தான் நினைவுக்கு வரும். சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் அந்த இடம். வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த ராயல் ஓபரா ஹவுஸ் என்ற கட்டிடத்தின் கதை, மற்ற ஊர்களில் இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது.

கல்கத்தாவில் நாடகக் கம்பெனி நடத்திய மாரிஸ் பாண்ட்மன் என்பவரும் ஜஹாங்கீர் கராகா என்ற பார்ஸி கனவானும் 1908-ல் இதற்குத் திட்டமிட்டார்கள். வேலை முழுதும் முடியும் முன்பே, 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதைத் திறந்துவைத்தார். மேல்நாட்டு இசை நாடகங்களுக்காகக் கட்டிய இந்த மேடையில், நாளடைவில் பால கந்தர்வர், தீனாநாத் மங்கேஷ்கர் போன்ற மராத்தி சங்கீத நாடக மேதைகளும் பாடினார்கள்.

மைக் இல்லாத காலம் அது. பௌதிகம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு ஹாலில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பது அதன் கன அளவையும், சுவர், திரை, ஜனங்கள் எவ்வளவு ஒலியை உறிஞ்சுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. பாட்டுக்கு ஒலி சற்றுத் தங்க வேண்டும். ஒலிபெருக்கியில் வரும் வசனத்துக்கோ தங்கினால் குழப்பம். பக்கவாட்டு பாக்ஸ்களிலிருந்து பாடகரைப் பார்க்கலாம். தட்டையான திரையைப் பார்த்தால் படம் கோணலாகத் தெரியும். ஒரு கலைக்குக் கட்டிய ஹால் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

ஆனாலும் காலம் சினிமாவின் பக்கம் திரும்பியது. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரையிட்ட கொரோனேஷனும், 1931-ல் 'ஆலம் ஆரா' வெளியான மெஜஸ்டிக்கும் இதே கிர்காவ் பகுதியில்தான் இருந்தன. 1935-ல் ஐடியல் பிக்சர்ஸ் ஓபரா ஹவுஸை வாங்கி சினிமா தியேட்டராக்கியது. அதற்குப் பிறகும் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸ் இங்கே காலை வேளைகளில் நாடகம் நடத்தியது. 1952-ல் கோண்டல் மகாராஜா விக்ரம்சிங்ஜி இதை வாங்கினார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் உத்தியோகம் பார்த்தபோது நான் இங்கே ஹிந்திப் படம் பார்த்திருக்கிறேன். படத்தின் பெயர் மறந்துவிட்டது. இடைவேளையில் அண்ணாந்து பார்த்த விதானமும் சரவிளக்கும் மறக்கவில்லை. பிறகு கலர் டெலிவிஷன் வந்தது, வீடியோ வந்தது, கேபிளும் வந்தது. பெரிய ஹாலை நிரப்ப ஆளில்லை. 1993-ல் கதவு மூடப்பட்டது.

சுமார் கால் நூற்றாண்டு மூடிக் கிடந்த கட்டிடம் தப்பியது எப்படி? கொரோனேஷனும் மெஜஸ்டிக்கும் இன்று இல்லை. தென் மும்பையில் மனையின் விலை அப்படி. இங்கே உடைமையாளரான கோண்டல் குடும்பத்தினர் இடிக்க எண்ணாமல், கட்டிடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவிடம் ஜீர்ணோத்தாரணப் பணியை ஒப்படைத்தார்கள். சினிமாவுக்காகச் செய்த மாறுதல்களைக் களைந்து பழைய உருவைத் திரும்பக் கொண்டுவர வருஷக்கணக்கில் உழைத்தார்கள். 2016 அக்டோபரில் மறுபடி திறந்தபோது அங்கே ஒலித்தது ஓபரா சங்கீதம். 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. இன்று அங்கே கச்சேரி, நாடகம், திரைப்பட விழா எல்லாம் நடக்கின்றன.

நமக்கும் இதே மும்பையில் ஓர் அனுபவம் உண்டு. 1963-ல் எழுந்த சண்முகானந்தா ஹால் 1990-ல் தீக்கிரையாயிற்று. 1998-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். கச்சேரி கேட்கும் ரசிகர்கள் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

கட்டிடத்தைக் காப்பது சுண்ணாம்பும் சிமெண்டும் மட்டுமல்ல, உபயோகமும்தான். பல ஊர்களில் நம் முன்னோர் வயிற்றைக் கட்டி எழுப்பிய சபா ஹால்களும் சமாஜக் கட்டிடங்களும் முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. பில்டர் வந்து விலை பேசும் முன், அந்தந்த ஊர் அங்கத்தினர்கள் கூடி, பாட்டு வகுப்போ, நூலகமோ, முதியோருக்கான பகல் நேரக் கூடமோ ஏதாவது ஒன்றை அங்கே தொடங்குவது பற்றி யோசிக்கலாம். விற்ற பிறகு யோசிப்பதில் பயனில்லை.