பொன்வேய்ந்த கட்டிற் கால்கள்

மரம் மண்ணிற் பிறந்து மண்ணாகிப் போவது. பொன்னோ நெடுங்காலம் மண்ணிற் கிடப்பினும் நிறம் மாறாதது. இயல்பால் வேறுபட்ட இவ்விரண்டையும் இணைத்து, மரத்திற் செதுக்கிய உருவின்மேற் பொன்னைப் போர்த்தும் கலை மிகத் தொன்மையானது. அதற்குச் சிறந்த சான்றுகள் எகிப்து நாட்டிற் கிடைத்துள்ளன.

பெரிய பிரமிடைக் கட்டுவித்த கூபு மன்னனின் அன்னை ஹெதெபெரெஸ் என்னும் அரசி ஆவாள். அவள் வாழ்ந்த காலம் இற்றைக்கு ஏறத்தாழ 4,600 ஆண்டுகளுக்கு முற்பட்டது. 1925ஆம் ஆண்டில் கீசாவில், ரைஸ்நர் என்னும் அமெரிக்க அறிஞரின் குழுவினர் அவளுக்குரிய நிலத்தடி அறையொன்றைக் கண்டனர். கட்டில், நாற்காலி, பல்லக்கு முதலியன அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஆயினும் அவற்றின் மரம் பெரும்பாலும் இற்றுப்போயிற்று. மேலே போர்த்திருந்த பொற்றகடுகளே வீழ்ந்த இடத்திற் கிடந்தன. குழுவினர் ஒவ்வொரு துண்டும் கிடந்த இடத்தை அளந்தும் வரைந்தும் படம் எடுத்தும் பதிவு செய்தனர். பின்னர்ப் புதுமரம் செதுக்கி, பழைய தகடுகளை அதன்மேற் பொருத்தினர். சிங்கக் கால்களையுடைய கட்டில் மீண்டும் எழுந்து நின்றது! பெயரறியாத் தச்சன் ஒருவன் உளியால் அமைத்த வடிவைப் பொன் தன்னிடத்தே காத்து வைத்திருந்தது.

தடித்த தகட்டுக்கு இவ்வாற்றல் உண்டு. மெல்லிய தங்கரேக்குக்கு இல்லை. மரத்தின் நார், மேடும் பள்ளமும் உடையது. ஈரத்தில் விரிந்து வெயிலிற் சுருங்குவது. அதன்மேல் ரேக்கு நேரே படியாது. ஆதலின் வெண்சுண்ணப் பொடியை வச்சிரத்தோடு குழைத்துப் பூசி, உலர்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேற் பொன் இடுவர். இம்முறையையும் எகிப்தியர் அறிந்திருந்தனர். ஐரோப்பியக் கைவினைஞர் பின்னாளில் இதனை மேலும் வளர்த்தனர். அவர்கள் சுண்ணப்பூச்சின்மேல் நுண்ணிய செம்மண் பூசி, நீரால் நனைத்து, ரேக்கைப் படியவிட்டு, மணிக்கல்லால் தேய்த்து ஒளியேற்றினர். நாற்காலிக் கால்களின் செதுக்கல் பூச்சினால் மழுங்குமாதலின், பூச்சு உலர்ந்தபின் இலையின் நரம்பையும் விலங்கின் நகத்தையும் மறுமுறை செதுக்கித் தெளிவாக்கினர்.

1922ஆம் ஆண்டில் ஹவார்டு கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையில், சிங்கம், பசு, நீர்யானை ஆகியவற்றின் தலைகளோடு கூடிய 3 பெருங்கட்டில்கள் இருந்தன. விலங்குகளின் கால்களே கட்டிலின் கால்களாக அமைந்தன. இவை சுண்ணப்பூச்சின்மேற் பொன் இட்டவை. 3,000 ஆண்டுகளுக்கு மேலாக மண்ணறையில் நிலைத்திருந்த மரப்பொருள்கள் பல, வெளிக்காற்றுப் பட்டதும் சுருங்கத் தொடங்கின. மரம் சுருங்கவே, சுண்ணமும் பொன்னும் தளர்ந்தன. கார்ட்டர் குழுவினர் உருக்கிய மெழுகை ஊட்டி அவற்றை நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. பொன் பழுதுறவில்லை, அதனைத் தாங்கிய அடித்தளமே பழுதுற்றது.

நம் திருக்கோயில்களிலும் மரவாகனங்களுக்குப் பொற்றகடு போர்த்தும் வழக்கம் உண்டு. திருவீதியுலாக் காண்போர் கண் பொன்னிலே நிற்கும்; அப்பொன்னுக்கு உருவளிப்பதோ உள்ளிருக்கும் மரம். பொன் வழங்குதல் பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. உலா முடிந்தபின் வாகனத்தை ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வைத்துப் பேணுதலும் அக்கொடையின் பகுதியே ஆகும். அது செய்யாவிடிற் கொடுத்த பொன்னும் தாங்குவாரின்றித் தளரும்.