ஐந்து படியும் ஒரே கொட்டிலுக்குள்ள: ஜீப்பின்ர ட்ரான்ஸ்பர் கேஸ் சொல்லும் வரலாறு

ஜீப்பின் வரலாறு எண்டு தேடினா முதல்ல வாறது வடிவமைச்ச ஆக்களின்ர பெயர்தான். 1940இல் அமெரிக்காவின் பாண்டம் கம்பனிக்காக முதல் மாதிரியை வரைந்தவர் கார்ல் ப்ரோப்ஸ்ட். பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து, இரண்டாம் உலக யுத்தம் முடியிறதுக்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன. ஆனா யுத்தம் முடிஞ்ச பிறகு அந்த ஜீப்புகளை இன்னும் முப்பது, நாற்பது வருஷம் ஓட வைச்ச ஆக்கள் ஆர்? அவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. அந்த ஆக்களைத் தேட ஒரு நல்ல இடம், ஜீப்பின் அடியில தொங்குற ட்ரான்ஸ்பர் கேஸ்.

சாதாரண வாகனத்தில என்ஜின்ர பலம் கியர் பொக்ஸ் வழியா இரண்டு சில்லுக்குத்தான் போகும். நாலு சில்லும் இழுக்கவேணும் எண்டா, அந்தப் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிச்சுக் குடுக்க இன்னொரு பல்சக்கரப் பெட்டி தேவை. அதுதான் ட்ரான்ஸ்பர் கேஸ். யுத்தகால ஜீப்பில இருந்தது ஸ்பைசர் கம்பனியின் 18ஆம் மொடல். ஓட்டுநருக்குப் பக்கத்தில அதுக்கெண்டு இரண்டு லீவர். ஒண்டு முன் அச்சைச் சேர்க்கவும் விடவும். மற்றது வேகத்தைக் குறைச்சு இழுவையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்க. முன் அச்சைச் சேர்க்காமல் குறைந்த கியருக்குப் போக முடியாதபடி உள்ளுக்கு ஒரு பூட்டும் வைச்சிருந்தார்கள். இல்லையெண்டா முழு இழுவையும் பின் அச்சுக்கு மட்டும் போய் அதை உடைச்சுப்போடும்.

இந்தப் பெட்டியை ஆர் திறக்கலாம் எண்டதில அமெரிக்க இராணுவத்துக்குக் கடும் ஒழுங்கு இருந்தது. பராமரிப்பு வேலையை அவர்கள் ஐந்து படிகளாப் பிரிச்சிருந்தார்கள். ஓட்டுநர் முதலாம் படி: ஒயில், தண்ணி, ரயர் காத்து பார்க்கிறதோட அவர் வேலை சரி. இரண்டாம் படி, அந்தப் படைப்பிரிவின்ர சொந்த மெக்கானிக். அதுக்கு மேல பட்டறைகள். கடைசியா ஐந்தாம் படி, முன்னரங்கிலிருந்து வெகு தூரத்தில இருந்த பெரிய தளப் பட்டறை. கைநூல்களும் இப்படியே பிரிஞ்சிருந்தன. ஓட்டுநருக்கும் பிரிவு மெக்கானிக்குக்கும் 1944இல் வந்த டீ.எம். 9-803. கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் கேஸ், அச்சு எல்லாத்தையும் கழட்டிப் பூட்டுற அறிவு டீ.எம். 9-1803பி எண்ட வேறொரு நூலில, மேல்படிகளுக்கு. அதாவது ஒரே வாகனத்தைப் பற்றின அறிவை ஆளாளுக்கு அளந்து குடுத்தார்கள்.

1945 இந்த ஒழுங்கைக் குழப்பிப்போட்டுது. மேலதிக ஜீப்புகள் விலைக்கு வந்தன. அதே வருஷம் வில்லிஸ், சி.ஜே-2ஏ எண்ட சிவில் ஜீப்பை விவசாயிகளுக்கெண்டே சந்தைப்படுத்தினது. அதில ட்ரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்தால பலத்தை வெளிய எடுத்து வேற இயந்திரங்களையும் ஓட்டலாம். பண்ணையில பெட்டி பழுதானா ஐந்தாம் படிப் பட்டறை எங்க இருக்கு? விவசாயியே ஓட்டுநர், அவரே மெக்கானிக், அவரே தளப் பட்டறை. ஐந்து படியும் ஒரு கொட்டிலுக்குள்ள வந்திட்டுது.

அந்தக் கொட்டிலில வேலை எப்படி நடக்கும்? முதல்ல ஒயிலை வடிக்கவேணும். பிறகு முன், பின் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் கேபிள், வேகமானிக் கேபிள், லீவர்கள் எல்லாம் கழரும். பின் மூடியைத் திறந்தா, கியர் பொக்ஸிலிருந்து வாற தண்டின் நுனியில ஒரு பெரிய நட்டு. அதுதான் முதல் பல்சக்கரத்தைப் பிடிச்சிருக்கு. இங்கதான் ஆபத்து. பெட்டியை அப்படியே இழுத்தா தண்டும் கூட வந்து, கியர் பொக்ஸுக்குள்ள உள்ளதெல்லாம் குலைஞ்சுபோம். அதுக்கு ஜீப்பின் கைநூல்கள் சொல்லுற வழி மிக எளிமை: கியர் பொக்ஸின் மேல் மூடியைக் கழட்டி, உள்ள இருக்கிற தண்டை ஒரு கம்பியால சுத்தி, மூடியின் திருகாணிகளில இறுக்கிக் கட்டு. யுத்தம் வெண்ட இயந்திரத்தைக் கழட்டுறதுக்கு ஒரு துண்டுக் கட்டுக்கம்பி!

பிறகு அடிமூடியைத் திறந்து, நடுத்தண்டைப் பித்தளைக் கட்டை வைச்சுத் தட்டி வெளிய எடுத்தா, நடுப் பல்சக்கரம் ஊசி பேரிங்குகளோட கீழால வரும். பெரும்பாலும் தேஞ்சு போறது இந்த இடம்தான். லீவர் தண்டுகளை உருவேக்க, உள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் குண்டும் பாயும். கையால பொத்திப் பிடிக்கவேணும். திரும்பப் பூட்டேக்க, பேரிங்குக்கு எத்தனை மெல்லிய தகடு வைக்கிறது எண்டதில்தான் முழுக் கவனமும் தேவை. அளவு கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை.

இந்த வேலை அமெரிக்காவோட நிக்கேல்லை. பிலிப்பைன்ஸில அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு ‘ஜீப்னி’ ஆக்கினார்கள். அதுவே அந்த நாட்டின் பொதுப் போக்குவரத்தா மாறினது. வேல்ஸின் ஆங்கிள்சி தீவில பண்ணை வைச்சிருந்த ரோவர் கம்பனிப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸிட்ட ஒரு பழைய ஜீப் இருந்தது. அதைப் பார்த்து, முதல் மாதிரியை ஜீப்பின்ர சட்டத்திலேயே கட்டி, 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்ததுதான் லாண்ட் ரோவர். வில்க்ஸின்ர பெயர் நூல்களில இருக்கு. ஜீப்னி கட்டின கைகளில பெரும்பாலானதுக்குப் பெயர் இல்லை.

எங்களுக்கு இந்தக் கதை அந்நியமில்லை. 1990களில வடக்குக்குப் பெற்றோலும் பற்றரியும் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில, யாழ்ப்பாணத்தில ஒஸ்டின் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடின. கார்புரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தினார்கள். அவை நாலு சில்லும் இழுக்கிற வாகனங்கள் இல்லை. ஆனா தொழிற்சாலை சொல்லாத அறிவை கராஜில உருவாக்கினதில விஷயம் ஒண்டுதான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை திறபடாமல் இருந்தபோதும் பழசைத் திருத்தித்தான் நாடு ஓடினது.

இதைப் பெருமையா மட்டும் பார்க்கக் கூடாது. தடையும் இல்லாமையும் தள்ளித்தான் ஆக்கள் இதைப் படிச்சார்கள். அந்தக் கஷ்டத்தை ஆரும் விரும்பி ஏற்கேல்லை. ஆனா படிச்சது அவர்களின்ர சொத்து. இண்டைக்குப் பல புது வாகனங்களில லீவருக்குப் பதிலா ஒரு பொத்தான், உள்ளுக்கு மின் மோட்டார், அதை ஆட்டுவிக்கிற கணினி. அந்தக் கணினியின்ர தகவலைக் கம்பனி வைச்சிருந்தா, ஸ்பெனர் கையில இருந்தும் பிரயோசனமில்லை. பழைய ஐந்து படி வேற வேஷத்தில திரும்பி வருது. 2012இல் அமெரிக்காவின் மசச்சுசெட்ஸ் மாநில மக்கள், பழுதுபார்க்கத் தேவையான தகவலை வெளிக் கராஜுகளுக்கும் குடுக்கவேணும் எண்டு வாக்களிச்சது இதுக்காகத்தான்.

எங்கட ஊர் கராஜுகளில அந்தக் காலத்து மெக்கானிக்மார் இன்னும் இருக்கினம். அவையின்ர அறிவுக்கு டீ.எம். இலக்கம் கிடையாது, எழுதிவைச்ச நூலும் கிடையாது. வரலாறு படிக்கிற எங்களிட்ட ஒரு போனும் ஒலிப்பதிவுச் செயலியும் இருக்கு. அவை இருக்கேக்கயே போய்க் கேட்கவேணும்.