முத்துக்குளித்துறையும் வாடை மழையும்

நம் முன்னோர் காலத்தில் மாதம் மும்மாரி பொழிந்ததாகப் பலரும் சொல்லக் கேட்கிறோம். முத்துக்குளித்துறையைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சே. தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத்தொடர்ச்சி மலை பிழிந்துகொள்கிறது. ஆனி, ஆடியில் நமக்கு மிஞ்சுவது மணலை வாரி இறைக்கும் கச்சான் காற்றுதான். ஆகஸ்ட் 5ஆம் நாள் தூத்துக்குடி பனிமய அன்னையின் திருவிழாவுக்குச் செல்வோர் வெயிலையும் புழுதியையும் நன்கறிவர். வாடை திரும்பி ஐப்பசி பிறந்தால்தான் மழை. தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும்.

இந்த வறட்சியே நம் பகுதிக்குப் பனையையும் உப்பையும் தந்தது. மழை தவறிய ஆண்டில் உப்பளத்தாருக்கு நல்ல வருமானம். குளத்துப் பாசனக்காரருக்குக் கண்ணீர். ஒரே கோவிலில் ஒருவர் மழை கேட்டும், அடுத்தவர் வேண்டாமென்றும் மன்றாடியிருப்பர்!

மழையை அளந்து எழுதும் வழக்கம் சென்னை வானாய்வுக்கூடத்தில் 1813 முதல் உண்டு. இந்திய வானிலைத் துறை 1875இல் அமைந்தது. மறு ஆண்டே பருவமழை பொய்த்து, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நெல்லைச் சீமையிலிருந்து பலர் பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர்.

மழை ஏன் இப்படி ஏமாற்றுகிறது? இந்திய வானாய்வுக்கூடங்களின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர் இதை ஆராய்ந்தார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குவதையும், அதற்கும் நம் மழைக்கும் உறவிருப்பதையும் கண்டார். அக்கடலின் வெப்பநீரோட்டத்துக்கு ‘எல் நினோ’ என்று பெயர். கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி அது வருவதால், பெரு நாட்டு மீனவர் குழந்தை இயேசுவின் பெயரையே அதற்கு இட்டனர். நம்மைப் போன்ற கடல் தொழிலாளர் வைத்த பெயரை இன்று விஞ்ஞானிகள் அனைவரும் சொல்கிறார்கள்! எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். நம் வாடை மழையோ பெரும்பாலும் கூடும். 2015இல் சென்னை மூழ்கியதும் அத்தகைய ஆண்டில்தான்.

நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கணக்கைப் புரட்டினால், வாடை மழையின் மொத்த அளவு படிப்படியாகக் குறைந்தது என்றோ கூடியது என்றோ உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்துள்ளன. ஆனால் இந்தியப் பெருங்கடல் சூடேறி வருவது ஐயமற்ற உண்மை. சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும்; இறக்கும்போது ஒரேயடியாக இறக்கிவிடும். அண்மை ஆண்டுகளில் நாம் கண்டவை இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. 2016இல் தமிழகம் பெற வேண்டிய வாடை மழை 44 சென்டிமீட்டர், பெற்றதோ 17தான். அதற்கு ஏழாம் ஆண்டு, எல் நினோ நிலவிய 2023இல், டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டு மழையையும் மிஞ்சியது ஒரு நாள் மழை!

அன்று வானத்து நீர் மட்டும் நம்மை மூழ்கடிக்கவில்லை. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் பல உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோயிற்று. நீர் வடிய வேண்டிய ஓடைகள் தூர்ந்தும் வீடுகளாகியும் இருந்தமையால் தெருக்களில் பல நாள் தண்ணீர் தேங்கிற்று. உப்பளங்களில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்தோடியது. பாத்திகளில் படிந்த சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, மறுபடி உப்பு எடுக்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.