கணக்கு ஒப்புவித்தல்

இடுக்கி மாவட்டத்தின் வடபகுதியில், மறையூருக்கு அப்பால் மலைச்சரிவில் அமைந்துள்ளது காந்தலூர். பூண்டும் காய்கறியும் பயிரிடும் இவ்வூர் மக்களில் பலர் தமிழ் பேசுவோர். இத்தகைய கிராமப் பஞ்சாயத்தின் பொதுப்பணம் எவ்வாறு காக்கப்படுகிறது? இதனை அறிய ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஏற்பாட்டை முதலில் காண்போம்.

கி.பி. 921-இல், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளைக் கோயிற் சுவரில் பொறித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் உறுப்பினராக இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். கணக்கு எழுதுவோர் நேரிய வழியில் பொருள் ஈட்டியவராதல் வேண்டும். தாம் எழுதிய கணக்கைத் தாமே பெரிய வாரியத்தாரிடம் ஒப்புவித்தல் வேண்டும். வேறொரு கணக்கரைக் கொண்டு முடித்தலாகாது. நேர்மையாளர் எனத் தெளிவான பின்னரே மறுபடியும் அப்பணி கிட்டும். தணிக்கை என்னும் சொல் பிற்காலத்தது. அதன் பொருளோ அக்கல்வெட்டிலேயே உண்டு.

காந்தலூர் பின்னாளில் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் 'பதிவுக் கணக்கு' முறையை ஏற்படுத்தினார். வரவையும் செலவையும் முன்கூட்டியே வரையறுப்பது அது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1860-இல் முதல் தலைமைத் தணிக்கையாளர் பொறுப்பேற்றார். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு அப்பதவிக்குத் தனிக்காப்பு அளித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையாலன்றி அவரை நீக்க முடியாது.

இனிக் காந்தலூருக்குத் திரும்புவோம். 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி, பஞ்சாயத்து தன் ஆண்டுக் கணக்கைக் கிராம சபையின் முன் வைத்தல் வேண்டும். ஆயினும் மலையாளம் படிக்கத் தெரியாத தமிழர் அக்கணக்கை எவ்வாறு ஆராய்வார்? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் இடமளிக்கிறது. இவ்வுரிமையைக் கையாளாவிடில், கணக்கை அலுவலர் மட்டுமே பார்ப்பர்; பணத்துக்கு உரியவர் பாரார்.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நமக்கும் இது பொருந்தும். நாம் வரி செலுத்தும் நகராட்சியின் கணக்கு பிறமொழியில் இருக்கலாம். நம் தமிழ்ச் சங்கத்தின் கணக்கோ நம் மொழியிலேயே உள்ளது. ஆண்டுக் கூட்டத்தில் அதைக் கைதட்டி ஏற்கும் முன், ஒருமுறை படித்துப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேட்போம்.