பரணியும் கழுமரமும்

அரசலாறு கடலோடு கலக்கும் இடம் காரைக்கால். அதன் வடபால், கோட்டுச்சேரி வட்டாரத்தில் இருக்கிறது கோட்டுச்சேரிமேடு. நெல் விளைந்த மண். பாட்டும் விளைந்த மண். கோயிலிலே பதிகம், புலவர் அவையிலே பரணி, கூத்துமேடையிலே கதைப்பாடல், இழவு வீட்டிலே ஒப்பாரி! காவிரிக் கடைமடை மக்கள் இவை கேட்டு வளர்ந்தவர்கள். இவற்றுள் பலவற்றில் பிணம் கிடக்கிறது, குருதி ஓடுகிறது. சிந்தியது யார் குருதி, சிந்த வைத்தவர் யார் என்று கேட்டதுண்டா நாம்?

முதலில் காரைக்கால் அம்மையார். வணிகர் குலத்துப் புனிதவதி. கணவன் கைவிட்டபின், பேய்வடிவம் வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். திருவாலங்காட்டைப் பாடும் அவருடைய பதிகங்களிலே சுடுகாடு எரிகிறது. பேய்கள் பிணம் தின்கின்றன. படிப்போர் நடுங்குவர். ஆயினும், அங்கே கொலைகாரன் இல்லை. சாவு வந்து செத்தவர்களின் காடு அது. அவருடைய பக்தியை நாம் ஏற்க வேண்டியதில்லை. அழகுக்காகவே பெண்ணைப் போற்றிய உலகின்முன், அந்த அழகையே உதறி எறிந்த துணிவை மறுக்கவும் வேண்டியதில்லை.

அந்தப் பேய்களே, பல நூற்றாண்டு கழித்து, அரசனிடம் ஊழியத்துக்கு வந்தன! 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற்குலோத்துங்கன் ஏவ, கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மீது படை நடத்தினான். காரணம்? கலிங்க வேந்தன் திறை செலுத்தவில்லை. செயங்கொண்டார் அதைக் 'கலிங்கத்துப்பரணி' ஆக்கினார். ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்று வரையறுத்தனர் இலக்கணத்தார். யானைக்குக் கணக்குண்டு, மாண்ட மனிதனுக்கு? அவன் பேய்கள் அடும் கூழுக்குப் பொருளானான்! நூலுக்குத் தோற்றவன் நாட்டின் பெயர், புகழோ வென்றவனுக்கு. தமிழின் சந்த அழகுக்கு அந்நூல் ஒரு சிகரம், ஐயமில்லை. அழகிய தமிழிலே பாடியதால் கொலை அறமாகிவிடுமா?

அரண்மனையை விட்டுச் சேரிக்கு வருவோம். அங்கே காத்தவராயன் கதை பாடுகிறார்கள். பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பினான், கழுமரம் ஏறினான். மதுரைவீரனோ மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். சாதி வேலியைத் தாண்டிய குற்றத்துக்குச் சாவு! இதைப் பாடியவர்கள் வேந்தனிடம் பரிசில் பெற்றவர்கள் அல்லர். கண்ணீரோடு பாடிய எளியவர்கள். தங்களுள் ஒருவனாக வாழ்ந்து மாண்டவனுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னம் அந்தப் பாட்டு.

ஆனால், கதையின் உள்ளே நுழைந்த சூழ்ச்சியைப் பாருங்கள்! காத்தவராயன் தெய்வப் பிறவியாம். கழுவேறியது சாபத்தின் பயனாம். மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தாலும், பிறப்பால் காசி அரசன் மகனாம்! வீரம் தாழ்ந்த குடியில் பிறக்கக் கூடாது. கொன்றவன்மீது பழி விழக் கூடாது. எனவே, கொலை விதியாயிற்று, கொலையுண்டவன் சாமியானான். உயிரோடிருந்தபோது உரிமை இல்லை, செத்தபின் படையல்!

விதியா கொன்றது? 1968 டிசம்பர் 25 இரவு, காரைக்காலுக்குத் தென்மேற்கே கீழ்வெண்மணியில், உழவுத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை, பின்னர் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கொடுமையை நெஞ்சில் ஏந்திக் கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டை, கே. ஏ. குணசேகரன் மேடைதோறும் பாடினார். அதிலே பேயில்லை, சாபமில்லை, சாமியுமில்லை. நாங்களும் மனிதர்கள் என்ற முழக்கம் உண்டு. பரணி எண்ண மறந்த மனிதன், தானே எழுந்து தன்னை எண்ணிக் காட்டினான்!

தோழர்களே! பழைய பாட்டுகளை எரிக்கச் சொல்லவில்லை. எடைபோட்டுப் படிக்கச் சொல்கிறோம். ஊரிலே கூத்து நடந்தால் போங்கள், கேளுங்கள். கழுமரக் காட்சியிலே கிழவிகள் கண் கலங்கினால் நகைக்காதீர்கள். அந்தக் கண்ணீர் உண்மை. காத்தவராயனைக் கொன்றது சாபமல்ல, சாதி என்பதை மட்டும், கூத்து முடிந்து வீடு திரும்பும் வழியில், அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.